மாட்டை விற்று வாங்கிய லாரி

பழைய லாரி ரிப்பேர் செய்து பிழைக்கிறவனுக்குச் சாமான்களின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, ஆடு மாடுகளின் சந்தை விலையும் தெரிந்திருக்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நாச்சிமுத்து. நான் மீனாட்சிபுரத்தில் பட்டறை போட்ட புதிதில், மயிலை, செவலை என்ற ஒரு ஜோடி வண்டி மாடுகளை விற்றுவிட்டு, யாரோ தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட சின்ன லாரி ஒன்றை அவர் வாங்கி வந்தார். ரிப்பேர் செலவை ரூபாயில் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கார்புரேட்டர் ஒரு வெள்ளாடு, டயர் ஒரு கன்றுக்குட்டி, ரேடியேட்டர் ஒரு கறவை எருமை என்று சொன்னால் தலையாட்டிக்கொண்டு போவார்.

பழைய வண்டி வைத்துக்கொண்டு அல்லல்படும் அன்பர்களே, உங்கள் தொழுவத்தில் என்ன நிற்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாச்சிமுத்துவின் தொழுவம் காலி. பாலக்காட்டுக் கல்பாத்தியில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் சாமா அய்யருக்கு வாழையிலையும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்றுதான் அவர் பிழைப்பு. அது கைவிட்டுப் போனால் லாரியும் மிஞ்சாது, மாடும் திரும்பாது.

கழனித்தண்ணி

ஒரு நாள் லாரி பட்டறைக்குள் வந்தபோது, பின்னாலேயே சோறு வடித்த வாசனையும் வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே கெட்டியாகக் கஞ்சி. கீழே ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டை அடைபட்டிருந்தது உண்மைதான். கூடவே தண்ணீர் ஓடும் குழாய்களும் அடைபட்டிருந்தன. இன்ஜின் அடுப்பாகக் கொதித்தது.

விசாரித்ததில், நாச்சிமுத்து தினமும் காலையில் மாட்டுக்கு வைப்பதுபோல அரிசி கழுவிய கழனித்தண்ணியை ரேடியேட்டருக்கு ஊற்றியிருக்கிறார். கழுவிச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு பகல் முழுக்கப் போயிற்று. பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று சத்தம் போட்டேன். அவர் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியை முன்னால் மாட்டி, மாட்டை எழுப்பும் அதே குரலில், "எந்திரிடா சாமி, எந்திரி" என்று லாரியிடம் கெஞ்சிச் சுற்றிக் கிளப்பினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏனுங்க மேஸ்திரி, நாள் பூராப் பாரம் இழுக்குது. அதுக்கு வெறும் பச்சைத் தண்ணியக் காட்டச் சொல்றீங்களே, மனசு வருமுங்களா?"

பின்பக்கமாக வந்த மாப்பிள்ளை

அந்த லாரியில் பெட்ரோல் தொட்டி ஓட்டுபவரின் ஆசனத்துக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் தானாகத்தான் இறங்கி இன்ஜினுக்கு வர வேண்டும். செங்குத்தான மேடு வந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பெட்ரோல் வராது, வண்டி நின்றுவிடும். இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: திருப்பி நிறுத்தி, பின்பக்கமாகவே மேடு ஏறுவது.

முதலமடைக்குத் தெற்கே மலையோரத்தில் ஒரு பெண் வீடு. இலை ஏற்றாத ஒரு நாளில் வாடகைக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனோம்; வழியில் நின்றால் கிளப்புவதற்கு நானும் எப்போதும் கூடப் போவேன். ஊர் வாசலில் கடைசி மேடு. வழக்கப்படி வண்டியைத் திருப்பினோம். மேலே மேளத்தோடு காத்து நின்றவர்கள், வண்டி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஏதோ கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேளம் நின்றது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஆண்கள் மேட்டிலிருந்து ஓடி வந்தார்கள், நாங்களோ பின்பக்கமாக அவர்களை நோக்கியே ஏறிக்கொண்டிருந்தோம். நடுவழியில் லாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்ட பெண்ணின் தகப்பனார், விஷயம் தெரிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்:

"எப்படி வந்தா என்னங்க, வந்து சேந்தீங்களே. தாலி கட்டறப்பவாச்சும் மாப்பிள்ளைய இந்தப் பக்கம் பாத்து உக்காரச் சொல்லுங்க."

வைக்கோல் டயர்

பின் டயரின் டியூப் கிழிந்தது. இன்னொரு கன்றுக்குட்டி விலை கொடுக்க வழியில்லை. டயருக்குள் வைக்கோலைத் திணித்து இறுக்கி ஓட்டும் வித்தை எனக்குத் தெரியும், செய்து கொடுத்தேன். சித்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, ஒரு பசு டயரின் வெடிப்பிலிருந்து வைக்கோலை உருவித் தின்றுவிட்டது. நாங்கள் பார்ப்பதற்குள் பாதி டயர் அதன் வயிற்றில். இலை கல்பாத்திக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைத்தெருவில் வாங்கிய இலையில் பந்தியே முடிந்திருந்தது. சாமா அய்யர் கத்தவில்லை, அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

"இனியொரு தரம் தாமசிச்சா, தத்தமங்கலம் வேலப்பனோட மாட்டு வண்டியிலே வரவழைச்சுப்பேன். மாடு வைக்கோலைத் தின்னுட்டு நடந்து வந்துடும், கேட்டியா?"

நாச்சிமுத்து விற்ற மயிலையையும் செவலையையும் வாங்கியிருந்தது அதே வேலப்பன்தான் என்பது அய்யருக்குத் தெரியாது.

ஒரு ஜோடி மாடு

அடுத்த முகூர்த்தத்துக்கு முதல் நாள். சரக்கு விளக்கு வைப்பதற்குள் கல்பாத்தி போய்ச் சேர வேண்டும். பயத்தில் காலையிலேயே கிளம்பிவிட்டோம். தத்தமங்கலம் தாண்டியதும் இன்ஜினுக்குள் ஏதோ படாரென்று முறிந்தது. குனிந்து பார்த்தேன். பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு ஒடிந்து, இன்ஜின் சுவரையும் உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

"என்ன ஆகுமுங்க?" என்றார் நாச்சிமுத்து.

"ஒரு ஜோடி மாடு" என்றேன். அதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓடாது என்று தெரிந்தும் அவர் கைப்பிடியை மாட்டிக்கொண்டு, "எந்திரிடா சாமி, எந்திரி" என்று கெஞ்ச ஆரம்பித்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்களைத் தாண்டி ஒரு காலி மாட்டு வண்டி போனது. போனது, சட்டென்று நின்றது. ஓட்டி வந்த வேலப்பன் அதட்டினார், வாலை முறுக்கினார், சாட்டையை வீசினார். மயிலையும் செவலையும் காதை நிமிர்த்திக்கொண்டு நாச்சிமுத்து பக்கம் திரும்பி நின்றன. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

"சரக்க என் வண்டியில ஏத்துங்க" என்றார் வேலப்பன். நாச்சிமுத்து மறுத்துவிட்டார். வேலப்பன் வண்டியில் இலை போய் இறங்கினால் அன்றோடு வாடிக்கையும் வேலப்பனுக்குத்தான். வேலப்பன் இன்னொரு தரம் மாடுகளை ஓட்டிப் பார்த்தார், பிறகு நுகத்தடியை அவிழ்த்து எங்கள் முன் போட்டார். "ஒரு நாளைக்குக் கட்டித் தொலைங்க. இல்லீன்னா இதுக ராத்திரிக்கும் இங்கதான் நிக்கும்."

லாரியின் முன் அச்சில் கயிறு கட்டினோம். நான் ஸ்டியரிங்கில், நாச்சிமுத்து மயிலையின் திமிலில் கை வைத்தபடி நடந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் திரும்பி, "இதுகளுக்கு ஒரு நாக்கூட ஒரு ரிப்பேர் சாமான் வாங்கிப் போட்டதில்லீங்க மேஸ்திரி" என்றார்.

கல்பாத்தியில் இன்னும் வெயில் இருந்தது. சாமா அய்யர் வாசலுக்கு வந்து, இலையைப் புரட்டிப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்:

"பேஷ்! அடுத்த முகூர்த்தத்துக்கும் நீதான். ஆனா இதே மாதிரி மாட்டைக் கட்டிண்டே வந்துடு, கேட்டியா?"

நான் அத்தனை காலம் அந்த லாரியோடு அலைந்ததில், அது வழியில் ஒரு தரம்கூட நிற்காமல் ஓடியது தத்தமங்கலத்திலிருந்து கல்பாத்தி வரைக்குமான அந்தத் தூரம் மட்டும்தான்.