மதியச் சங்கு

மெக்கானிக் கடையில் கை துடைக்கக் கொடுத்த வேஸ்ட் துணியின் எண்ணெய் வாடை, அறுபதுகளின் அம்பத்தூருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது. திருவேற்காட்டில் நாற்று நட்ட அம்மாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துத்தான் அங்கே குடிவந்திருந்தோம். முதல் நாள் மதியச் சங்கு ஊதியதும் அம்மா வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்துவிட்டாள். நடவு வேலை உச்சி வெயிலோடு முடிந்துவிடும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

"அது சாப்பாட்டுச் சங்குக்கா. சாயங்காலம் வரிக்கும் வேலை கீது" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதும், ஈரத்தலையோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "உன் இடத்துல வேற ஆளு வந்தாச்சும்மா. ஊட்டுக்குப் போ."

மாலைச் சங்கு ஊதி மற்ற பெண்கள் எங்களைத் தாண்டிப் போகும்வரை அம்மா கேட் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்; நான் பற்றியிருந்த இன்னொரு கையில், குளித்தும் போகாத அந்த எண்ணெய் வாடை.