வெள்ளியங்கிரி இருக்கையில் மெர்சி

"ஏனுங்க, கடைசி பெஞ்சுங்க, கொஞ்சம் முன்னால வந்து உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையைத் துடைக்கிறார் பேராசிரியர் மெர்சி. திரும்பிப் பார்க்காமலே பின்வரிசையில் பதுங்குவது யாரென்று அவருக்குத் தெரியும். மாணவர்களுக்கு மட்டுமல்ல, பஸ் கண்டக்டருக்கும் வளாகத்துக்குள் நுழையும் ஆட்டுக்கும்கூட அவரிடம் 'ங்க' உண்டு. "செடியெ உட்டுப்போட்டுப் போங்க" என்று அவர் ஆட்டிடம் கெஞ்சியதை மாணவர்கள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

இத்தனை 'ங்க' எதற்கு என்று நந்திதா என்ற மாணவி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எங்கம்மா உடுமலப்பேட்டைல தென்னந்தோப்புக் கூலிக்குப் போனவங்க. அவங்களெ ஒருத்தரும் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லீங்க. அத்தனையும் மிச்சங் கெடக்குது. நான் செலவு பண்றேன்" என்றார்.

துடியலூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அவர் வணிக நிர்வாகம் கற்பிக்கிறார். அவருடைய பதவிக்குப் பெயர் 'வெள்ளியங்கிரி இருக்கை'. பம்புசெட் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரி கொடுத்த நன்கொடையில் உண்டான பேராசிரியர் பதவி அது. அறைக் கதவில் முதலாளியின் பெயர் பெரிதாகவும் மெர்சியின் பெயர் சிறிதாகவும் இருக்கும். அந்தப் பலகையைப் பார்த்த அம்மா சின்னத்தாயி, "பேரு அவுங்குளுது, உக்கார்றது நீயா? பாத்து உக்காரு கண்ணு" என்றாராம். இதைச் சொல்லும்போது மெர்சி சிரிப்பார். சொல்லி முடித்தபின் சிரிப்பதில்லை.

பாடத்துக்கு உதாரணம் தேடி அவர் வெளிநாட்டுக்குப் போவதில்லை. மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியும் நம்மூர் மோட்டார் கம்பெனிகளும் அவருக்குப் போதும். இந்தப் பருவத்தில் குடும்பத் தொழில் பற்றிய பாடம். அதற்கு வெள்ளியங்கிரியின் ஃபவுண்ட்ரியையே, பம்புக்கு இரும்பு உருக்கி வார்க்கும் அந்த வார்ப்படச் சாலையையே எடுத்துக்கொண்டார். அங்கே பல வருடம் வேலை பார்த்த ஃபோர்மேன் செங்கோடனை விட்டுவிட்டு, முதலாளியின் மாப்பிள்ளை கிருபாசங்கரை மேனேஜராக்கினார்கள். செங்கோடன் விலகிப் போனார். அதன்பிறகு விற்ற பம்புகள் ஓட்டையோடு திரும்பி வருவது ஊரறிந்த கதை.

சென்னைக்காரரான துறைத் தலைவர் இதைக் கேள்விப்பட்டு மெர்சியின் அறைக்கே வந்துவிட்டார். "மேடம், வேற கம்பெனியே கிடைக்கலையா? வெள்ளிக்கிழமை வெள்ளியங்கிரியே வகுப்புக்கு வந்து உட்காரப் போறார். உங்க பதவியை நீட்டிக்கிறது அவர் கையிலதான் இருக்கு. உதாரணத்தை மாத்திடுங்க."

"பாக்கலாமுங்க" என்றார் மெர்சி.

தலைவர் நிம்மதியாகப் போனார். வராந்தாவில் நின்ற உள்ளூர் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்வதில்லை. 'பாக்கலாமுங்க' என்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போய்விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெள்ளியங்கிரி முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் துறைத் தலைவர். மெர்சி பலகையில் ஒரு கட்டம் போட்டார். உள்ளே 'மேனேஜர்: கிருபாசங்கர்' என்று எழுதினார்.

"இந்த எடத்துல யாரு இருந்தா ஃபவுண்ட்ரி நிக்கும்? சொல்லுங்க."

எல்லாருக்கும் பதில் தெரியும்.

வெள்ளியங்கிரிதான் பேசினார். "அம்மணி, என்ற மாப்பிள்ளையெக் குத்தஞ் சொல்றீங்களா?"

"இல்லீங்க. கேள்விதானுங்க கேக்கறேன்."

"என்ற பேர்ல இருக்கற பதவில இருந்துட்டே கேக்கறீங்களா?"

"ஆமாங்க. உங்க பேர்ல இருக்கறதுனாலதானுங்க உங்க கம்பெனியெக் கேக்கறேன். பொய்யான பாடம் நடத்துனா அந்தப் பேருக்குத்தானுங்க கேடு."

வெள்ளியங்கிரி மேல்துண்டை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"கேக்கறது சுலபமுங்க அம்மணி. ஊட்டுல மவ மொகத்தப் பாக்கறவன் நான்."

"தெரியுமுங்க" என்றார் மெர்சி, தணிந்த குரலில்.

பிறகு பலகையிலிருந்த மாப்பிள்ளையின் பெயரை இடது கையாலேயே அழித்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து, சாக்பீஸை முதலாளியிடம் நீட்டினார். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.