நான் கட்டிய இரண்டு பூப் பொட்டலங்கள்

இருபது வயதில் ஒருத்தி வாங்கிய மதிப்பெண்ணுக்கு, இருபத்தொன்பது வயதில் இருப்பவள் எத்தனை நாளைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்தை மட்டும் சொல்ல முடியும்.

போன வருடம் ஆனி மாதம் நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம், வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு அறைகள். முன்பதிவு, பில், தண்ணீர் லாரிக்குப் போன் செய்வது, குரங்கு தூக்கிக்கொண்டு போன துண்டுக்குப் பதில் வேறு துண்டு கொடுப்பது என்று எல்லாம் என் வேலைதான். முதலாளி இரண்டாவதாக ஒரு விடுதி கட்ட ஆரம்பித்திருந்தார். அதற்கு மேலாளராக எம்.பி.ஏ. படித்த ஆளைத் தேடப்போவதாகச் சொன்னவர், என்னைப் பார்த்து, "நீயே படிச்சுட்டு வந்துட்டா எனக்கு அலைச்சல் கம்மி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

படிக்க ஆசைதான். தடையாக இருந்தது என் பி.காம். மதிப்பெண் பட்டியல். மொத்த சராசரி பத்துக்கு ஐந்து புள்ளி எட்டு. அதிலும் இரண்டாம் ஆண்டில் இரண்டு அரியர். திருமணமான பிறகு அந்தத் தாளைப் பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்தவள்தான், பிறகு எடுக்கவே இல்லை.

விசாரித்துப் பார்த்ததில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, சென்னையில் ஒரு தனியார் நிறுவனம். மாதத்தில் இரண்டு நாள் நேரில், மற்றதெல்லாம் கணினியில். கட்டணத்தைக் கேட்டால் என் வளையல்கள் தானாகவே கழன்று அடகுக் கடைக்கு நடந்து போய்விடும். இன்னொன்று, வேலூர்ப் பக்கம் ஒரு பழைய கல்லூரியில் பகுதி நேரப் படிப்பு. சனி, ஞாயிறு வகுப்பு. கட்டணம் அதில் கால்வாசிகூட இல்லை. என் சம்பளத்திலேயே சமாளித்துவிடலாம். நுழைவுத் தேர்வும் எழுதி ஓரளவு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அவர்கள் கேட்ட குறைந்தபட்சத் தகுதியைவிட என் சராசரி கொஞ்சம் ஜாஸ்திதான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் அதைத்தான் கேட்டார். அவர் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். எதையும் ஸ்பேனரால் திருகிச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர்.

ஆனால் வேலூர்க் கல்லூரியில் நேர்முகத் தேர்வு உண்டு. அசல் சான்றிதழ்களை மேசையில் விரித்து வைத்து நான்கு பேர் கேள்வி கேட்பார்கள். சென்னையில் அதெல்லாம் கிடையாது. தினமும் போன் செய்த பெண், "மார்க்கு எதுவா இருந்தாலும் பரவால்ல மேம், சீட்டு கன்ஃபார்ம்" என்று தேனாகப் பேசினாள். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டினால் திரும்ப வராது. வேலூர் நேர்முகமோ திங்கட்கிழமை. வெள்ளிக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

காலையில் வேலூர், மதியம் சென்னை, சாயங்காலம் எதுவுமே வேண்டாம் என்று மூன்று வேளையும் மாறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அத்தைக்குத் தலைசுற்றிவிட்டது. அத்தை என்றால் என் மாமியார். கீழ்பென்னாத்தூரில் நிலம் நீச்சு பார்த்தவர். அவர்கள் குடும்பத்தில் தண்ணீருக்குப் போர் போடுவதா, மாடு வாங்குவதா, பெண் எடுப்பதா, எதுவானாலும் பூ கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, வெளியே தெரியாதபடி கட்டி, சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவுக்கு அப்பீல் கிடையாது.

"வியாழக்கிழமை பிள்ளையார் கோயில்ல பூ கட்டிப் பார்த்துடலாம். வெள்ளை வந்தா மெட்ராஸு, செவப்பு வந்தா வேலூரு. அதோட வாயை மூடிக்கணும், சரியா?" என்றார் அத்தை.

சரி என்று தலையாட்டினேன். பொட்டலம் கட்டும் வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன்.

இனி சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது. அன்று காலை சமையலறையில் வாழையிலைத் துண்டில் நந்தியாவட்டையை வைத்து மடித்து நூல் சுற்றினேன். அடுத்த துண்டில் செவ்வரளியை வைத்தேன். மடிக்கும்போது அந்த நான்கு பேரும், மேசையும், அதன்மேல் என் மதிப்பெண் பட்டியலும் கண்முன் வந்தன. சிவப்புப் பூவை எடுத்துவிட்டு அதிலும் ஒரு நந்தியாவட்டையை வைத்துக் கட்டிவிட்டேன். சாமியையே ஏமாற்றுகிறோமே என்று தோன்றாமல் இல்லை. பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், கொழுக்கட்டை செய்து கொடுத்துச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருமுனைக் கோயில் சின்னதுதான். கணவரும் கடையைப் பத்து நிமிடம் வேலைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் பிள்ளையாரின் பாதத்தில் வைத்து தீபாராதனை காட்டினார். தட்டில் கொண்டுவந்து என் நான்கு வயது மகளிடம் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்தாள். அத்தை பிரித்தார். வெள்ளை.

"சரி, மெட்ராஸு. ஆண்டவன் உத்தரவு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அத்தை. நானும் பக்தியாகக் கண்ணை மூடினேன்.

குழந்தைகளுக்குக் கட்டின பொட்டலத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? நான் கண்ணைத் திறப்பதற்குள் இரண்டாவது பொட்டலத்தின் நூலை என் மகள் பல்லால் கடித்து இழுத்துவிட்டாள்.

"அம்மா! இதுலயும் வெள்ளப் பூ!"

கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குருக்கள் என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, செவப்புப் பூ கிடைக்கலையா? கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே" என்றார். அவர் கையிலிருந்த தட்டு நிறைய செவ்வரளி.

"மாறிப்போச்சு போலிருக்கு" என்றேன். 

வெளியே வந்து குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். இன்று தொலைந்தோம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏண்டி, நான் பண்ண திருட்டுத்தனம் உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தது?"

"நீங்களா?" என்றேன்.

"இவனுக்குப் பொண்ணு பார்த்தப்போ போளூர்ப் பொண்ணு ஒண்ணும் வந்துச்சு. உங்க மாமாவுக்கு அதுமேலதான் கண்ணு. எனக்கு உன்னைத்தான் பிடிச்சுது. பூ கட்டிப் பார்க்கலாம்னாரு, வெள்ளை வந்தா நீ. ரெண்டுலயும் வெள்ளையே வச்சுக் கட்டிட்டேன்."

என் கணவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "இத்தனை வருஷமா சொல்லவே இல்லையேம்மா!"

"சொல்லிருந்தா என்னடா பண்ணிருப்பே? போளூர் பஸ்ஸு ஏறிருப்பியா?"

"அப்பவே சொல்லிருந்தா பஸ் நேரத்தையாவது விசாரிச்சிருப்பேன்" என்றார் அவர். நான் முறைத்தேன். மூன்று பேரும் சிரித்தோம். காரணம் தெரியாமலே என் மகளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அத்தை சாதாரணமாகக் கேட்டார். "எனக்கு உன்னைப் பிடிச்சிருந்தது, மாத்தி வச்சேன். உனக்கு அந்த மெட்ராஸு காலேஜு அவ்ளோ பிடிச்சிருக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இல்ல அத்தை" என்றுதான் வந்தது. எனக்கு அந்தப் படிப்பு பிடிக்கவே இல்லை. அங்கே யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் பிடித்திருந்தது. அதற்காகத்தான் வளையலை அடகு வைக்கத் துணிந்திருக்கிறேன் என்பது அந்தத் தெருவில் நிற்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

மறுநாள் சென்னைப் பெண் போன் செய்தாள். வேண்டாம் என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆயிற்று. அதில் நான்கு நிமிடம் மன்னிப்புக் கேட்டேன். போனை வைத்ததும், தப்புப் பண்ணிவிட்டேனோ என்று வழக்கம்போல ஆரம்பித்துவிட்டது. வேலூரிலும் கிடைக்காமல் போனால் இரண்டும் போச்சே!

திங்கட்கிழமை காலை மகளை அத்தையிடம் விட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒரு கதையை மனப்பாடம் செய்தேன். இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, அதனால் படிக்க முடியவில்லை என்பது கதை. அப்பாவுக்குக் காமாலை வந்தது உண்மை. ஆனால் என் தேர்வெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்தது.

உள்ளே நால்வர் இருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை என் பட்டியலைப் பார்த்துவிட்டு, நான் பயந்த அதே இடத்தில் விரலை வைத்தார். "ரெண்டு அரியர் இருக்கு. என்னாச்சும்மா?"

காமாலை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான்கு நாள் முன்புதான் ஒரு பொய் ஊர் பார்க்கப் பிடிபட்டிருந்தது. இன்னொன்றுக்கு என்னிடம் தெம்பில்லை.

"படிக்கலைங்க மேடம்."

"ஏன்?"

"அந்த வருஷம்தான் ஹாஸ்டலுங்க. முதல் தடவை வீட்டை விட்டு வந்திருந்தேன். ஜாலியா இருந்துட்டேன்."

"அப்புறம் எப்படி பாஸ் பண்ணீங்க?"

"அடுத்த தடவை படிச்சேங்க."

ஓரத்தில் இருந்தவர் சத்தமாகச் சிரித்துவிட்டார்.  பேராசிரியை சிரிக்கவில்லை. பட்டியலை மூடித் தள்ளி வைத்துவிட்டு, "சரி, இப்போ வேலையில நீங்களா யோசிச்சு ஏதாவது செஞ்சிருக்கீங்களா?" என்றார்.

அதற்கு நான் எதையும் தயார் செய்திருக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். பௌர்ணமிக்கு எங்கள் அறைகள் எல்லாம் நிரம்பிவிடும். கிரிவலம் முடித்து விடியற்காலையில் வருகிறவர்கள் பலருக்கு அறையே வேண்டாம். குளித்து உடை மாற்றிக்கொண்டு ஊருக்குப் போனால் போதும். வருடக்கணக்காக அவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். இரண்டு அறைகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்து, குடும்பத்துக்கு அரை மணி நேரம், வெந்நீரோடு கொடுக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அந்த இரண்டு அறைகளில்தான் இப்போது வருமானம் ஜாஸ்தி.

"பிரச்சினை எதுவும் வரலையா?"

"முதல் மாசமே வந்துச்சுங்க. ஏழு மணிக்குத் தொட்டி காலி. ஒருத்தர் உடம்பு பூரா சோப்போட கதவைத் திறந்து தலையை நீட்டி, 'ஏம்மா, அண்ணாமலையாரைச் சுத்தினதுக்கு இதான் பலனா?'ன்னு கேட்டாரு. மினரல் வாட்டர் கேன் ரெண்டை ஊத்தி அனுப்பிச்சேன். அடுத்த மாசத்துலேர்ந்து முதல்நாளே லாரித் தண்ணி இறக்கிடறோம்."

இப்போது பேராசிரியையும் சிரித்தார். அதன்பிறகு கால் மணி நேரம் தண்ணீர், துண்டு, சலவை பற்றியே கேட்டார்கள். பட்டியலை யாரும் மறுபடி திறக்கவில்லை. வெளியே வந்து, அதிகம் பேசிவிட்டேனோ என்று பஸ் நிலையம்வரை கவலைப்பட்டேன்.

இடம் கிடைத்துவிட்டது. இப்போது இரண்டாவது செமஸ்டர். சனி, ஞாயிறு வந்தால் வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தூங்குகிறேன். புது விடுதிக்குப் பூச்சு வேலை நடக்கிறது. மேலாளர் வேலை எனக்குத்தானா என்பது தெரியாது. ஆனால் யாராவது கேள்வி கேட்பார்களே என்று பயந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம், எவ்வளவு விலை கொடுக்கத் துணிகிறோம் என்பதை ஒருமுறை நிறுத்தி யோசிக்கிறேன்.

இப்போது வேறொரு சங்கடம் வந்திருக்கிறது. என் மகள் யு.கே.ஜி. போகிறாள். நோட்டில் ஸ்டார் போடாமல் டீச்சர் அனுப்பினால் அழுகிறாள். போன வாரம் அப்படி வந்த ஒரு பக்கத்தைக் கிழித்து மடித்து மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னையே பார்த்தது போல இருந்தது. என் பழைய பட்டியலை அவளிடம் காட்டி, அம்மாவும் இப்படித்தான் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். இப்போதே காட்டினால், அம்மாவே படிக்கவில்லையே என்று பிடித்துக்கொள்வாளோ? தாமதித்தால், அதற்குள் ஒளிக்கவே பழகிவிடுவாளோ? கணவர், "நாளைக்கே லேமினேட் பண்ணிச் சுவர்ல மாட்டு" என்கிறார். அத்தை, "புள்ளைக்கு முதல்ல எண்ணத் தெரியட்டும்" என்கிறார். உங்கள் வீட்டில் இப்படி ஒரு தாள் இருந்து, பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறீர்களா? எந்த வயதில், என்ன சொல்லிக் காட்டினீர்கள்? எனக்கும் கொஞ்சம் எழுதுங்களேன்.