பர்மா லைசென்ஸும் பாலாற்று மணலும்

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பர்மாவிலிருந்து எங்களைப் போன்ற இந்தியர்களை எல்லாம் துரத்திவிட்ட சமயம். வீடு, நகை, பணம் எல்லாவற்றையும் ரங்கூனிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். என் சட்டைப்பையில் இருந்த விமானி லைசென்ஸை மட்டும் துறைமுகத்தில் ஒருவன் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அவனுக்கு அது எதற்கு?

மெட்ராஸ் வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே எனக்கும் அது உதவாது என்று. பர்மா லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்றினால்தான் விமானத்தைத் தொடவே முடியுமாம். டாக்டர் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை எல்லாம் முடித்துவிட்டேன். பறந்து காட்டும் சோதனை ஒன்றுதான் பாக்கி. வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, இந்திய லைசென்ஸோடு வந்தால் வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருந்தது. அம்மாவும் என் மனைவியும் அகதி முகாம் கொட்டகையில் இருந்தார்கள். விமானம் ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு ஒரு மண்ணும் தெரியாது. அந்த ஒரு சோதனையில்தான் எங்கள் சோறு இருந்தது.

மெட்ராஸிலிருந்து பெங்களூர் வரை பறக்க வேண்டும். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். மேலே கூரை கிடையாது, ரேடியோ கிடையாது. முன் இருக்கையில் பரீட்சை அதிகாரி, பின்னால் மடியில் வரைபடத்தோடு நான். மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று முன்பே சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். அரக்கோணம், காட்பாடி வரை தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். அதற்கு மேல் மாசி மாதப் பனி மூடிவிட்டது. போகட்டும், பாலாறு இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். வரைபடத்தில் தடியாக நீலக் கோடு போட்டிருந்தது. ஐராவதி ஆற்றைப் பிடித்துக்கொண்டே பாதி பர்மாவைச் சுற்றியவன் நான். ஆறு என்றால் மேலேயிருந்து பளபளக்கும், அதுதான் எனக்குத் தெரிந்த ஆறு.

பனி விலகிய இடத்தில் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். மருந்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் மலை வேறு.

அப்போது பார்த்து, இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த பேசும் குழாய் வழியாக அதிகாரி கேட்டார், இப்போது எங்கே இருக்கிறோம் என்று. பள்ளிகொண்டா என்று குத்துமதிப்பாகச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மலைக்கு நடுவில் பொய் சொல்லி யாரைக் காப்பாற்றப் போகிறேன்? தெரியவில்லை சார், இறங்கி விசாரிக்கப் போகிறேன் என்றேன். வேலை போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கீழே வெள்ளையாக, அகலமாக ஒரு பொட்டல் தெரிந்தது. அதில் இறக்கினேன். முதலில் கெட்டியாக இருந்த தரை போகப் போகப் பொலபொலவென்று ஆகி, சக்கரம் புதைந்து, விமானம் முகம் குப்புற விழாத குறையாக நின்றது.

குடத்தோடு நாலைந்து பெண்கள் ஓடி வந்தார்கள். தோல் பதனிடும் வாடை காற்றில் வந்தது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். வழி தவறிய வெட்கத்தை மறைக்க, நான் பெரிய துரை மாதிரி பாலாறு எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா, நீ நின்னுகினு இருக்கிறதே பாலாறுதான்."

அப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மணலில் இடுப்பளவு ஒரு குழி. அடியில் கண்ணாடி மாதிரி தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கொட்டாங்கச்சியால் மொண்டு என் கையில் ஊற்றினார். அப்படி ஒரு தித்திப்பு! இவ்வளவு பெரிய ஆறு சத்தமில்லாமல் என் காலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்ததா என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதற்குள் கரையில் இருந்த தோல் கம்பெனி ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களுடைய மேஸ்திரி ஒரு பாய். புதைந்த சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். தோல் ஏற்றிய மாட்டு வண்டி ஆற்றைக் கடக்கும்போது இதே மணலில்தான் சிக்குமாம். கழித்துப் போட்ட தோலைச் சக்கரத்துக்கு அடியில் விரித்து ஏற்றிவிடுவார்களாம்.

"பேஜார் ஆவாதீங்க சார். வண்டிய ஏத்துறோம், இத ஏத்த மாட்டோமா?"

ஆளுக்கு ஒரு கட்டாகத் தலையில் சுமந்து வந்தார்கள். கழித்த தோல் போதவில்லை. கப்பலில் ஏற்றக் கட்டி வைத்திருந்த நல்ல தோலையே பாய் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். நான் பதறிப்போனேன். மண் ஒட்டினால் தட்டிக்கொள்ளலாம் என்று அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். கெட்டித் தரை வரைக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு வரிசையாக, பழுப்பு நிறத்தில் மாட்டுத்தோல் ஓடுபாதை! ரங்கூனில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுபாதைகூட என்னை அப்படி மலைக்க வைத்ததில்லை.

பனியும் விலகிவிட்டது. ஆனால் இரண்டு பேர் பாரத்தோடு இந்த மணலில் எழும்பாது. ஒருவர்தான் போக முடியும். அது அதிகாரிதான், நான் ரயிலில் போய் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று என் தலைக்கவசத்தைக் கழற்றப் போனேன். அவரோ தன்னுடையதைக் கழற்றி முன் இருக்கையில் போட்டார். மேஸ்திரியிடம் திரும்பி, ஆம்பூர் ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அப்புறம் என்னிடம், "பெங்களூரில் பார்க்கலாம். இந்தத் தடவை ஆற்றை விட்டுவிடாதே" என்றார். அவர் விமானத்தை என் கையில் ஒப்படைக்கிறார் என்பது என் மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது.

அவரே விமானத்தின் மூக்கில் இருந்த காற்றாடியைச் சுழற்றிவிட்டார். பத்துப் பதினைந்து பேர் இறக்கையையும் வாலையும் இழுத்துப் பிடித்திருந்தார்கள். இன்ஜின் முழு வேகம் எடுத்ததும் பாய் கையை அசைத்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். தடதடவென்று தோல் மேல் ஓடி, கெட்டித் தரையைத் தொட்டு, எழும்பிவிட்டேன்.

ஒரு வட்டம் போட்டுக் கீழே பார்த்தேன். பாதிப் பேர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அதற்குள் தோலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் பேர் என்ன, எந்த ஊர் என்று அதுவரை ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை.

இந்திய லைசென்ஸ் தபாலில் வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. ஆனால் இந்த நாடு என்னைச் சேர்த்துக்கொள்ளுமா என்று ரங்கூன் கப்பலில் ஏறியதிலிருந்து அரித்துக்கொண்டிருந்த பயம், அந்த மணலை விட்டு எழும்பிய நிமிடத்திலேயே என்னை விட்டுப் போய்விட்டது. இன்றுவரை திரும்பி வரவில்லை.