விரல் இருக்கும்போதே

கோலா சாவாவில் போய் புவனேஸ்வரன் வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுவார்கள். வயர்மேன் வீடு என்று கேளுங்கள், வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். பாதி ஆயுளைச் செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சார வேலை பார்த்தே கழித்த மனிதர். அவரைப் போலப் பிடிவாதம் பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை. என் மாமனார் மதார் மைதீனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் பெயர் ஹுமைரா. லோபாக்கில் கணினியும் கைப்பேசியும் பழுது பார்க்கும் கடை எங்களுடையது. எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. புவனேஸ்வரன் அண்ணன் முதன்முதலில் கடைக்கு வந்தது, ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றைக் கேட்டு. அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“மூடியக் கழட்டி உள்ள பார்க்க முடியாத எதையும் நான் வீட்டுக்குள்ள விடுறதில்ல தங்கச்சி. இதுல எல்லாத்தையும் கழட்டலாம்லா,” என்றார்.

கழட்டவும் செய்தார். கெடுத்துக் கெடுத்து, என்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டு வாங்கி, கடைசியில் தானே சமாளிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில்தான் ஆலையில் அவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவ ஆரம்பித்தது. தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் என்று டாக்டர் சொன்னார். மருந்து இல்லை என்பதையும் சொன்னார். இடது கை போனது, கால்கள் போயின, பிறகு நாக்கு. மிஞ்சியது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

நாக்கு குழறத் தொடங்கியபோதே அவர் தயாராகிவிட்டார். பழைய மவுஸின் பட்டனைக் கழற்றிச் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் பொருத்தச் சொன்னார். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் வெளிச்சம் விழுந்து நகரும். வேண்டிய வரிசை வந்ததும் விரலால் அழுத்தினால் அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி அழுத்தினால் எழுத்து விழும். வாக்கியம் முடிந்ததும் கணினி அதை வாய்விட்டுப் படிக்கும். குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற ஆளின் குரல் மாதிரி இருக்கும். ஆனாலும் அது அவர் பேச்சு. அந்தக் குரலில் அவர் என்னைக் கிண்டல் செய்திருக்கிறார், மனைவி மாதவி அக்காவோடு சண்டை போட்டிருக்கிறார், மீன் குழம்பில் புளி போதாது என்றும் சொல்லியிருக்கிறார்.

இனி நான் சொல்லப்போவதுதான் விஷயம். திரையில் நாம் பார்க்கிற ஜன்னல், பட்டன், எழுத்துப் பலகை எல்லாவற்றையும் தாங்கி நிற்பதற்கு டெஸ்க்டாப் என்று பெயர். லினக்ஸில் அதற்கு அவ்வப்போது புது வெளியீடு வரும். போன வருஷம் அவருடைய டெஸ்க்டாப்புக்கு ஒரு பெரிய வெளியீடு வந்தது. அதில் கேமரா நம் கண்ணைப் பார்த்து, கண் போகிற எழுத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். விரலே வேண்டாம். ஆனால் அடித்தளத்தையே மாற்றிவிட்டதால் விரலால் ஓட்டுகிற பழைய எழுத்துப் பலகை அதில் ஓடாது.

சேதியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கோலா சாவாவுக்குப் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் அழுத்தி அழுத்திப் பதில் சொன்னார்.

“புது மோட்டார மொத வாரமே லோடுல போடக்கூடாது. மொத திருத்தம் வரட்டும்.”

நியாயம்தான். நானும் கடையில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். இருந்தாலும் ஆசை விடவில்லை. கடையில் கிடந்த மடிக்கணினியில் புதியதைப் போட்டு எடுத்துப் போனேன். ‘அ’வைப் பார்த்தால் அது ‘ஊ’வை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் அம்புக்குறி ஒரு மூலையில் போய் உறைந்து நின்றது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, சோர்வினால். சரி, திருத்தம் வரட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

திருத்த வெளியீடு வந்தது. கடையில் நானே என் கண்ணை வைத்துப் பழகிப் பார்த்தேன். உறையவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. கண்ணால் எழுதுவது சும்மா வருவதில்லை. தினமும் பழகி, தப்பாக விழுந்த எழுத்தை அங்கேயே அப்போதே திருத்தினால்தான் கணினி நம் கண்ணைப் படித்துக்கொள்ளும். திருத்துவதற்கு ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அதற்கு அவருக்கு இருந்தது அந்த விரல்தான். அந்த விரலோ காலையில் கொஞ்ச நேரம் வேலை செய்யும், பிறகு துணி மாதிரி கிடக்கும். விரல் இருக்கும்போதே பழகினால்தான் விரல் போன பிறகு பேச்சு இருக்கும்.

இதைச் சொல்லத்தான் ஓடினேன். வீட்டில் போய்ப் பார்த்தால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. மகள் துர்காஷினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“நல்ல சேதி அண்ணே. நாளைக்கே கண் பழக்கத்த ஆரம்பிச்சிருவோம். கல்யாணத்துல நீங்க ஜம்முனு பேசலாம்,” என்றேன்.

வெளிச்சம் வரிசை வரிசையாக நகர்ந்தது. “இப்ப நேரமில்ல. எல்லாரையும் கூப்பிடணும்.”

எனக்குப் புரியவில்லை. மாதவி அக்காதான் விளக்கினார். அவர்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டம் வீட்டுமனையாகப் போனபோது அங்கிருந்த சனம் லோபாக், ரந்தாவ், கெமாஸ் என்று சிதறிவிட்டது. அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்குக் கார்டு மட்டும் கொடுத்தால் அது அழைப்பே இல்லை. பெண்ணைப் பெற்றவன் வீட்டுக்கு வீடு போய் வாய் திறந்து கூப்பிட வேண்டும். போக முடியாத அண்ணன், கணினி படிக்கும் தன் பேச்சைப் பதிவு செய்து கைப்பேசியில் வீட்டுக்கு வீடு அனுப்பத் தொடங்கியிருந்தார். பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று இரண்டு கணினி வைக்கலாம். விரலுக்கு எங்கே போவது?

“அண்ணே, ஒரு அழைப்ப எழுதி வெச்சுக்குவோம். பேர மட்டும் மாத்துவோம்.”

“நோட்டீஸா ஒட்டுறோம்?”

“சரி, பேர நீங்க காட்டுங்க, நான் தட்டுறேன். அதே குரல்தானே வரும். யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்,” என்றது கணினி.

தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக எழுதினார். கெமாஸில் இருக்கும் சன்னாசி, ஆலையில் கூட வேலை பார்த்தவர். அவருக்குப் போனது இது: “சன்னாசி, புவனேஸ்வரன் பேசுறேன். மகளுக்குக் கல்யாணம். ஒன் மருமகனையும் கூட்டிட்டு வா. அவன் மேல உள்ள கோவத்த அன்னிக்கு ஒரு நாள் விடு.” சக்கர நாற்காலியில் இருக்கும் மங்கம்மா என்ற உறவுக்காரருக்கு: “மண்டபத்துல படி இல்ல, விசாரிச்சிட்டேன். வண்டியோடயே உள்ள வந்திரலாம்.” ஒரு காலைப் பொழுதில் ஒரு வீடு முடியும். சில நாள் அதுவும் முடியாது.

துர்காஷினி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நாங்க ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம்பா. யாரும் வர வேணாம். நீங்க பேசுனா போதும்.”

அவர் நிதானமாக அழுத்தினார். “நாக்கு போனதுல இருந்து ஒருத்தனும் இங்க வர்றதில்ல. வந்தாலும் அம்மாகிட்டதான் பேசுறான். என்னைத் தாண்டிப் பேசுறான். நான் இருக்கேன்னு அவனுங்களுக்குத் தெரியணும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வாய் சும்மா இருக்குமா? “இருக்கீங்கன்னு காட்டிட்டு, அப்புறம் பேசாமயே கெடக்கப் போறீங்களா? இப்ப பழகலன்னா எப்பவும் இல்லண்ணே. கல்யாணம் முடியறவரைக்கும் இந்த விரல் நிக்கும்னு ஒங்களுக்கு யாரு எழுதிக் கொடுத்தா?” என்று கத்தினேன். மாதவி அக்கா என் கையைப் பிடித்தார். அண்ணன் அடுத்த வீட்டுக்கான முதல் எழுத்தைத் தேடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். ரந்தாவ் சாலையில் வண்டியை ஓரம் கட்டி அழுதேன்.

கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஒரு காலையில் மாதவி அக்கா போன் செய்தார்.

“ஹுமைரா, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு போல. லைட்டு சுத்திக்கிட்டே இருக்கு, எழுத்து விழ மாட்டேங்குது.”

போய்ப் பார்த்தேன். திரையில் வெளிச்சம் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய், மறுபடி முதல் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது. பாதி அழைப்பு நின்றிருந்தது. “முருகையா, உன் வீட்டுல எல்லா” என்பது வரை. அவர் விரலைத் தூக்கிப் பட்டன் மேல் வைத்தேன். அழுத்துங்கண்ணே என்றேன். அவர் நெற்றியில் வியர்வை வந்தது. விரல் அசையவில்லை. கணினிக்கு ஒன்றுமில்லை என்று மாதவி அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு இருந்தது இரண்டே சொற்கள். கண்ணை மூடினால் ஆம், மேலே பார்த்தால் இல்லை. மிச்ச வீடுகளுக்கு நான் தட்டட்டுமா என்று கேட்டேன். மேலே பார்த்தார். அவ்வளவு ஆன பிறகும் மேலேதான் பார்த்தார், கல்லுளிமங்கன்.

அன்றே புது வெளியீட்டைப் போட்டேன். இனி காத்திருந்து என்ன ஆகப்போகிறது? கண் எழுத்து ஓடியது, ஆனால் தப்புத் தப்பாக. திருத்துவதற்கு விரல் இல்லை. தப்பின் மேல் தப்பு சேர்ந்து, திரை முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள் ஓடின. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இதுவா, இதுவா என்று கேட்டுக் கேட்டு அழித்தேன். கல்யாண நாள் வந்தபோது அவரால் ஒரு சொல்லைக் கூட முழுசாக எழுத முடியவில்லை.

அவர் கூப்பிட்ட அத்தனை பேரும் வந்தார்கள். மண்டபத்தில் இடமில்லை. சன்னாசி மருமகனோடு வந்தார். அழைப்பு போய்ச் சேராத முருகையாவும் கேள்விப்பட்டு வந்தார். ஒவ்வொருவரும் மாதவி அக்காவைத் தாண்டி நேரே அவரிடம் போய்க் குனிந்தார்கள். நீ கூப்பிட்ட, வந்துட்டேன் என்றார்கள். சொல்லிவிட்டு நிமிராமல் நின்றார்கள், அந்தக் குரல் ஏதாவது சொல்லும் என்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவரிடம்கூட வா என்று சொல்ல முடியவில்லை. நான் பந்திப் பக்கம் போய்விட்டேன். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கல்யாணம் முடிந்ததும் அவர் கண் பழக்கத்தை விட்டுவிட்டார். கணினியைத் திறந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மாதவி அக்கா கெஞ்சினார். “ஒரு வார்த்த பேசுங்க. என்னத் திட்டவாவது திட்டுங்க. வீடு இப்படிக் கெடந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்.” கடை விடுமுறை நாளெல்லாம் நான் போய் உட்கார்ந்தேன். திட்டினேன், கொஞ்சினேன், அவருக்கு எதிரிலேயே அழுதேன். ஒருநாள் கண்ணைத் திறந்து ‘அ’வைப் பார்த்தார். ‘அ’ விழுந்தது.

பல வாரம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் எதுவும் கேட்காமலே அவராக ஒன்றை எழுத ஆரம்பித்தார். எழுத்து விழுந்தது, தப்பென்று அவர் கண் மேலே போனால் நான் அழித்தேன், மறுபடி விழுந்தது. மாதவி அக்கா அடுப்படியில் இருந்தார். மத்தியானம் ஆகும்போது கணினியிலிருந்து அந்தக் குழாய்க் குரல் வந்தது.

“என் சாவுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். சேதி சொன்னாப் போதும், வருவாங்க.”

அவர்கள் வழக்கம் அதுதான். கல்யாணத்துக்கு அழைக்க வேண்டும், சாவுக்கு அழைப்பு கிடையாது. அதற்குள் மாதவி அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். எண்ணெய் பொரியும் சத்தத்தில் குரல் கேட்டிருக்கிறது, சொல் கேட்கவில்லை. முகமெல்லாம் பூரிப்பு.

“பேசிட்டாரா? என்ன சொன்னாரு ஹுமைரா? என்னையா கேட்டாரு?”

“ஒண்ணுமில்லக்கா. பேசிட்டாரு, அவ்வளவுதான். சும்மா டீ கேட்டாரு,” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, இல்லை என்று கண்ணை மேலே தூக்கினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மறுபடி மேலே பார்த்தார். மாதவி அக்கா அவர் கண்ணையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மவுஸை எடுத்து, அந்த வாக்கியத்தை மறுபடி ஓடவிட்டேன்.