ஞாயிற்றுக்கிழமை வந்த முறை

நெல்லிவாசல் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு அப்போது ஜீப் ஏறாது. மலைமேல் இருந்த பங்களாவில் தங்க ரேஞ்சர் துரை வரும்போதெல்லாம் அவருடைய இரும்புப் பெட்டியை அடிவாரத்திலிருந்து எங்கள் ஊர் ஆள் ஒருவர் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். கூலி கிடையாது. தெருவின் கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கே வீடு வீடாக முறை நகரும். ஒரு வீட்டில் ஆள் இல்லையென்றால் அதற்கு மேற்கு வீடு போக வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே பெரியப்பா வீடு, மேற்கே பூசாரி வீடு.

ஊரில் வேதக்காரர் வீடு எங்களுடையது ஒன்றுதான். அப்பா ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பெரியப்பா அவரிடம் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் எங்கள் நாயைப் பார்த்துச் சொல்வார். நாயும் வாலை ஆட்டிக் கேட்டுக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காட்டுக் கார்டு வந்து வாசலில் நின்றார்.

"நாளைக்குத் துரை வர்றாரு. உன் வூட்டு முறை. விடிஞ்சதும் அடிவாரத்துக்கு வந்துடு."

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "திங்கக்கெழமைன்னா ரெண்டு நடை கூடத் தூக்கறேன் சாமி. நாளைக்கு முடியாதுங்க."

"ஏன், நாளைக்கு உனக்குக் கல்யாணமா?"

"ஆண்டவரோட நாளுங்க."

கார்டு சிரித்தார். "ஓடையோரம் சாமை வெதைக்கிறியே, அந்த நெலம் இன்னா உன் ஆண்டவர் உட்டதா? போனாப் போவுதுன்னு துரை உட்டு வெச்சிருக்காரு. யோசிச்சுக்கோ."

காட்டு எல்லைக்குள் இருந்த அந்தத் துண்டு நிலம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அன்று அடுப்படியில் அம்மா கேட்டாள்: "ஒரு நாளு தூக்கினா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்க மாட்டாரு," என்றார் அப்பா. "அதான் கஷ்டமா கீது."

மறுநாள் காலை பெரியப்பா சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்தார். நாயைப் பார்த்து நின்றார். "இவங்க சாமிக்கு ஞாயித்துக்கெழம லீவாம். எங்க சாமி பாரு, பாவம், ஏழு நாளும் டூட்டி." சொல்லிவிட்டு, வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சரிவில் இறங்கிப் போனார். அந்த முழங்கால் அவருக்கு வெகுநாளாகவே சரியில்லை.

நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டோம். அப்பா ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை வராமல் நின்றுவிட்டார். அம்மா மெல்ல எடுத்துக் கொடுத்தாள். மறுபடி தொடங்கினார். மறுபடி நின்றார்.

உச்சிப்பொழுதில் ஆடு மேய்க்கிற பெண் ஓடிவந்தாள். ஓடைக்கு மேலே பாறையில் பெரியப்பா பெட்டியோடு விழுந்து கிடக்கிறார், எழுந்திருக்க முடியவில்லை என்றாள். அப்பா ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பெட்டி ஒரு பக்கம் கிடந்தது, பெரியப்பா ஒரு பக்கம் கிடந்தார். பெட்டியில் கீறல் இல்லை. பெரியப்பாவின் முழங்கால் பானை போல வீங்கியிருந்தது. அப்பா குனிந்து முதுகைக் காட்டினார்.

"என்னை உடுடா. பொட்டியத் தூக்கு," என்றார் பெரியப்பா. நாய் எங்களோடு வந்திருக்கவில்லை. அப்பாவிடம்தான் பேசினார். "நான் தவழ்ந்துகினாச்சும் வந்துடுவேன். பொட்டி போவலைன்னா நெலம் போயிடும்டா."

"கையப் போடுண்ணா."

"பொட்டியத் தூக்குடான்றேன்!"

அப்பா அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார். பெட்டி பாறையிலேயே இருந்தது. பெரியப்பா பெட்டியை விடக் கனம் என்பது எனக்கே தெரிந்தது.

"அப்பா, ஆளைத் தூக்கறது வேலை இல்லியா?" என்று கேட்டேன்.

"அப்படிக் கேளுடா உங்கப்பன," என்றார் பெரியப்பா முதுகின் மேலிருந்து. "நல்லாக் கேளு."

அப்பா, "கழுத்தை நெரிக்காதண்ணா," என்று மட்டும் சொன்னார்.

துரை அன்று மாற்றுத் துணி இல்லாமல் பங்களாவில் படுத்தாராம். திங்கட்கிழமை விடியும்போதே அப்பா போய்ப் பெட்டியை எடுத்துப் பங்களாவில் சேர்த்தார். துரை திட்டவில்லை. "வெச்சுட்டுப் போ," என்றாராம்.

சாமை விதைக்கும் காலம் வருவதற்குள் எங்கள் ஓடையோர நிலத்தில் மரக்கன்று நட உத்தரவு வந்தது. குழி வெட்டவும் வீட்டுக்கொரு ஆள் என்று முறை போட்டார்கள். எங்கள் முறை ஒரு வேலை நாளில் வந்தது. அப்பா கடப்பாரையோடு போய், தான் உழுத மண்ணில் குழி வெட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அடிவாரத்தில் கூலிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் போனதில்லை. பெரியப்பா கடைசிவரை காலை இழுத்துத்தான் நடந்தார். நாயிடம் பேசுவதையும் விடவில்லை.

அப்பா மறுத்ததால் அடுத்த முறை பெரியப்பாவுடையது, அதனால்தான் போனார் என்றே நான் நினைத்திருந்தேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒருநாள் சும்மா இருக்கும்போது அந்தத் தெருவின் வீடுகளை மனதுக்குள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். முறை மேற்கே போகும். அன்று போக வேண்டியவர் பூசாரி. பெரியப்பா வீடு கிழக்கே. அவர் முந்தின தடவையே தூக்கி முடித்திருந்தார்.

அவர் சும்மாட்டுத் துணியோடு வாசலைக் கடந்தபோதே அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். ஜெபம் நடுவில் நின்றுபோனது களைப்பினால் என்று நான் நினைத்திருந்தேன்.