பிரேக் இல்லாத வண்டியும் எங்கள் அண்ணாவும்

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. காலையில் அண்ணாவுக்குச் சவ்வரிசிக் கஞ்சி கொடுத்தேன், பாதி குடித்தார். அம்மா வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலுக்குப் போய் விபூதியோடு திரும்பினார். மதியம் தாதி வந்து மருந்து மாற்றினார். தங்கையாகிய நான் துணி மடித்தேன். விளக்கேற்றும் நேரத்தில், லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டில், எங்கள் இருவரின் கைகளையும் பிடித்தபடி அண்ணா அமைதியாகப் பிரிந்தார்.

அண்ணா பிறந்தது யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில். போர் துரத்த, அவருடைய பதின்ம வயதில் நோர்வேயின் தெற்குக் கரைக்கு வந்தோம். அப்பா மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஊருக்கு வெளியே ஒரு மண் ஓடுபாதை இருந்தது. அங்கே நடந்தது ஸ்பீட்வே பந்தயம்: நான்கு பேர், நான்கு சுற்று, பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள். வளைவில் பின்சில்லைச் சறுக்கவிட்டு, இடது காலை மண்ணில் உரசித் திருப்ப வேண்டும். அண்ணா முதலில் அங்கே வண்டி கழுவினார். பிறகு தானே பந்தயத்தில் வண்டி ஓடினார். இங்கிலாந்துக் கழகம் ஒன்று அழைத்தபோது அப்பா உயிரோடு இல்லை. அம்மாவையும் என்னையும் அண்ணா லண்டனுக்குக் கூட்டி வந்தார். என் படிப்பு அந்த ஓட்டத்தில் வந்த காசில்தான் நடந்தது.

ஆனால் அம்மா டூட்டிங் உறவினரிடம் "மகன் இஞ்சினியரிங் லைன்" என்றே சொல்லி வந்தார்.

லண்டன் வந்த இரண்டாவது ஆண்டு, பந்தயத்தில் விழுந்து அண்ணாவின் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த சித்தப்பா திகைத்தார்.

"ஒபிசுக்குள்ளை இருக்கிற பிள்ளை எப்பிடியடா காலை முறிச்சனி? படியிலை விழுந்தனியோ?"

"ஓம் சித்தப்பா. மூண்டாவது சுத்துப் படியிலை."

சித்தப்பா தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணா சிரிப்பை நிறுத்தினார்.

"அம்மா, நான் திரும்ப ஓடுவன். ஆரும் கேட்டா ரைடர் எண்டு சொல்லுங்கோ. எனக்கு அது போதும்."

"சும்மா இரு மோனை. மோட்டச்சைக்கிள் ஓடுறது ஒரு உத்தியோகமே? தமிழிலை அதுக்கு ஒரு பேரும் இல்லை. நான் என்னெண்டு வாய் திறந்து சொல்லுறது?"

அண்ணா குளிர்காலம் முழுவதும் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக் காலைப் பழக்கினார். வசந்தத்தில் மீண்டும் ஓடினார். முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தார். மண் அப்பிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்து, "விழேல்லை" என்றார். அதன்பின் பல ஆண்டுகள் ஓடினார். நோர்வே அணியின் சட்டையும் அணிந்தார். தோற்ற நாளிலும் வென்றவரின் கையைக் குலுக்காமல் திரும்பியதில்லை. ஓய்வுக்குப் பிறகு இளையவர்களின் வண்டிகளைத் திருத்தினார். நோய் வந்த பின்னும், நிற்க முடிந்தவரை அதை விடவில்லை. அம்மா ஒரு பந்தயத்துக்கும் வரவில்லை. மண் படிந்த உடுப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே தோய்த்தார்.

வீடு தேடி வந்து பராமரித்த தாதியருக்கும், நோர்வேயிலிருந்து வந்து பெட்டியைத் தோளில் சுமந்த கழக நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த உறவினருக்கும், எல்லாக் காரியங்களையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணா பிரிந்த மறுநாள் காலை, தேநீர் வைக்கும் முன்பே, மரண அறிவித்தல் தயாரிப்பவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, உத்தியோகம் என்னெண்டு போட? இஞ்சினியர் எண்டு கேள்விப்பட்டனான்."

நான் பேசுமுன் அம்மா தொலைபேசியை வாங்கினார்.

"ரைடர் எண்டு போடுங்கோ தம்பி. நோர்வே ஸ்பீட்வே ரைடர். விளங்காத ஆக்கள் எனக்குக் கோல் எடுக்கட்டும். நான் சொல்லுறன்."